எந்தக் கட்சி நாம்?



உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி வந்துவிட்டால், கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் நம்மவர்க்கு ஒரு சங்கடம். “தாதா, பிரேஸிலா, அர்ஜெண்டினாவா?” என்று அண்டை வீட்டார் கேட்பர். இந்தியா என்று விடை கூற வழியில்லை. 1950ஆம் ஆண்டில் வாய்ப்பு வந்தும் நமது குழு செல்லவில்லை. பிறகு அது கிட்டவேயில்லை.

இந்நகரத்தாரின் பற்றுக்குக் காரணம் உண்டு. 1977இல் பெலே இங்கு வந்து மோகன் பகானுக்கு எதிராக ஆடினார். 2011இல் சால்ட் லேக் அரங்கில் மெஸ்ஸி அர்ஜெண்டினாவுக்குத் தலைமை தாங்கி ஆடினார்.

நான் கிரிக்கெட்டைக் காட்டி நெடுங்காலம் தப்பித்து வந்தேன். 2022 டிசம்பர் 18ஆம் நாள் அது பலிக்கவில்லை. இங்கேயே பிறந்த என் மகன், நீலமும் வெள்ளையுமாகக் கோடிட்ட சட்டை அணிந்து, தெருமுனைத் திரையின் முன் என்னை இழுத்துச் சென்று அமர்த்தினான். இரண்டு கோல் முந்தியிருந்தது அர்ஜெண்டினா. எண்பதாவது நிமிடத்தையொட்டி பிரான்ஸின் எம்பாப்பே நொடிப்பொழுதில் இரண்டையும் ஈடுசெய்தார். தெருவே ஊமையாயிற்று. ஆட்டம் மூன்றுக்கு மூன்றாக முடிந்து, பெனால்டி உதையில் நாலுக்கு இரண்டென அர்ஜெண்டினா வென்றதும், பத்தாண்டுகளாகப் படிக்கட்டில் தலையசைப்போடு நின்றுவிட்ட மாடிவீட்டுப் பெரியவர் என்னை இறுகத் தழுவிக்கொண்டார். மகன் வங்க மொழியில் ஏதோ கூவினான். எனக்குப் பாதிதான் விளங்கியது. எதைத் தன் ஊர் என்பான் இவன் என்ற கவலையும் அக்கணமே எழுந்தது.

வீடு திரும்பியதும், “யார் ஜெயித்தார்கள்?” என்றாள் மனைவி.

“நாம்தான்” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.