சிரித்துப் படிக்கும் தமிழ் எங்கே?

சுவிற்சர்லாந்தின் டொச் மொழி மாநிலங்களில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுள், பாடசாலை நூலகத்திலோ நண்பர் வீட்டிலோ குளோபியைச் சந்தியாதோர் மிகச் சிலரே. நீல உடலும் மஞ்சள் அலகும் கறுப்புத் தொப்பியும் கட்டம் போட்ட காற்சட்டையுமாகத் திரியும் இக்கிளி, 1932ஆம் ஆண்டில் குளோபுஸ் என்னும் பல்பொருள் அங்காடியின் விளம்பரத்துக்காக உருவாக்கப்பட்டது. அதனை வரைந்தவர் றொபேர்ட் லிப்ஸ் என்னும் ஓவியர். விளம்பரத்துக்குப் பிறந்த பாத்திரம் விரைவிலேயே நூலுருப் பெற்றது. படமும் அதற்கேற்ற வேடிக்கைப் பாட்டும் இணைந்து செல்வதே குளோபி நூல்களின் மரபு. தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் புதிய நூல்கள் வெளிவருகின்றன. பாட்டனும் பாட்டியும் படித்துச் சிரித்த பாத்திரத்தைப் பேரப்பிள்ளைகளும் படித்துச் சிரிக்கின்றனர்.

இதற்கும் முற்பட்டது, 1908இல் லீசா வெங்கர் அம்மையார் தாமே எழுதித் தாமே படமும் வரைந்த யொக்கெலியின் கதை. பேரிக்காய் உலுக்கச் சென்ற யொக்கெலி வேலை செய்ய மறுக்கிறான். அவனைக் கடிக்க நாய், நாயை அடிக்கத் தடி, தடியை எரிக்க நெருப்பு, நெருப்பை அணைக்க நீர் என ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பப்படுகின்றன. எவையும் பணிய மறுக்கின்றன. தன் பெயரை மறந்து, காண்போரையெல்லாம் வினவித் திரிந்த ஈயின் கதையைத் தாய்மடியில் கேட்ட தமிழருக்கு இவ்வமைப்புப் புதிதன்று. ஒவ்வோர் அடியும் முன்னையதை மீட்டுச் சொல்லி ஒரு சொல்லை மட்டும் கூட்டுகிறது. பிள்ளை சிரித்துக்கொண்டே நூறு முறை சொல்கிறது. எந்த ஆசிரியரும் கட்டாயப்படுத்தாமலே மொழியின் கட்டமைப்பு அதன் நாவில் படிந்துவிடுகிறது.

சித்திரப் பாட்டு நிலைத்து நிற்பதன் காரணம் இதுவே. பாட்டின் சந்தம் சொல்லை நினைவில் நிறுத்துகிறது. படம் பொருளை விளக்குகிறது. நகைச்சுவையோ, 'இன்னொருமுறை' என்று பிள்ளையையே கேட்க வைக்கிறது.

இனித் தமிழ்ப் பக்கம் நோக்குவோம். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) 'தங்கத் தாத்தா' என அழைக்கப்பட்டவர். ஆடிப்பிறப்பைப் பாடிய அவரே, 'கத்தரி வெருளி' என்று தோட்டத்து வெருளியையும் வேடிக்கையாகப் பாடினார். தமிழகத்தில் அழ. வள்ளியப்பா (1922–1989) தம் வாழ்நாளையே குழந்தைப் பாடலுக்கு அளித்தார். ஆகவே தமிழில் வேடிக்கைப் பாட்டு இல்லை என்பார் கூற்று ஏற்கத்தக்கதன்று. ஆனால் அப்பாடல்கள் புலம்பெயர் பிள்ளையை எவ்வுருவில் அடைகின்றன? பெரும்பாலும் பாவோதல் போட்டிக்கான ஒற்றைத் தாளாக, படம் ஏதுமின்றி, உச்சரிப்புக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கோடு அடைகின்றன. பிள்ளை பிழையின்றி ஒப்புவிக்கிறது, பரிசும் பெறுகிறது. ஆயினும் எவ்விடத்தில் சிரிக்கவேண்டும் என்பதை அது அறியவில்லை.

வெருளி என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். சுவிஸ் நாட்டுத் தோட்டத்திலும் வெருளி நிற்கிறது. பிள்ளை அதனைக் கண்டுமிருக்கிறது. அறியாதது தமிழ்ச் சொல் ஒன்றையே. படம் இல்லாவிடின், பெற்றோர் அதனை டொச்சில் விளக்க நேர்கிறது. அக்கணமே வீட்டு உரையாடல் டொச்சுக்கு மாறிவிடுகிறது. நல்ல படம் ஒன்று இருந்தால் அம்மாற்றத்துக்கே தேவையில்லை.

அறநூலும் இலக்கணமும் இருக்க, சிரிப்புப் பாட்டு எதற்கு எனப் பெற்றோர் சிலர் வினவக்கூடும். ஆத்திசூடியும் குறளும் கட்டாயம் வேண்டும். எனினும் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்த தொல்காப்பியர் நகையையே முதலில் வைத்தார் என்பதை மறத்தலாகாது. நகை பிறக்கும் களங்களாக அவர் கூறியவற்றுள் எள்ளலோடு இளமையும் பேதைமையும் அடங்கும். பிள்ளைப் பாட்டுக்கு உரியவை பின்னைய இரண்டுமே. எள்ளல் மிகின் என்னாகும் என்பதற்கும் குளோபியே சான்று. அதன் பழைய நூல்கள் சில பிற இனத்தவரைச் சித்திரித்த முறைக்காகப் பின்னாளில் கடுமையான கண்டனத்துக்கு உள்ளாயின. வேற்றுநாட்டில் நிறத்தாலும் பெயராலும் கேலிக்கு ஆளாகும் பிள்ளைகளுக்காக எழுதுவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

எண்ணிக்கையிற் சிறிய சமூகம் என்பதும் தக்க சாட்டன்று. இந்நாட்டின் றொமான்ஷ் மொழியைப் பேசுவோர் சில பத்தாயிரம் பேரே. 1938இல் மக்கள் வாக்களிப்பால் அது தேசிய மொழியாயிற்று. அம்மொழியில் செலினா ஷொன்ஸ் பாட்டெழுத, அலோயிஸ் காரிஜியெட் படம் வரைய, 1945இல் வெளிவந்த மணிச் சிறுவன் உர்ஸ்லியின் கதை உலக மொழிகள் பலவற்றுக்குச் சென்றது. 1966இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் விருது முதன்முறையாக ஓவியருக்கும் வழங்கப்பட்டபோது அதனைப் பெற்றவர் காரிஜியெட். றொமான்ஷுக்கு அரச ஆதரவு உண்டென்பது மெய்யே. ஆயினும் அந்நூலை ஆக்கியோர் ஓர் எழுத்தாளரும் ஓர் ஓவியருமே.

அத்தகைய இருவர் இங்குள்ள தமிழ் இளையோரிடையே இல்லாமற் போகார். இங்கேயே பிறந்து, ஓவியமும் வரைகலையும் கற்றோர் பலர் உளர். பனியில் சறுக்கி விழும் அப்பாவையும், ட்ராமில் இடியப்பப் பெட்டியை மறந்துவிட்டுத் தவிக்கும் அம்மம்மாவையும் அவர்களைவிட நன்கு வரைய வல்லார் யாவர்? தமிழ் நடைக்குத் துணைசெய்ய மூத்தோர் உளர். அச்சிடும் வசதியும் கைக்கெட்டும் தொலைவில் உண்டு.

அந்நூல் வரும்வரை பெற்றோர் காத்திருத்தல் வேண்டா. உறங்கும் முன் பத்து நிமிடம் போதும். கத்தரி வெருளியை ஒரு தாளில் எழுதுங்கள்; அருகில் வெருளியைப் பிள்ளையே வரையட்டும். கோணலாக வந்தால் இருவரும் சேர்ந்து சிரியுங்கள். தேர்வுக்காகக் கற்ற மொழி தேர்வோடு நின்றுவிடக்கூடும். தாயோடும் தந்தையோடும் சிரித்த மொழியையோ, பிள்ளை வளர்ந்த பின்னும் தன் பிள்ளையிடம் கொண்டுசெல்லும்.