கோல்ட்ரேனின் ‘அலபாமா’வும் தாத்தாவின் பறையும்

போன மாதம் குன்றத்தூரில் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். அதில் ஆறு பேர் ஒரகடத்தில் நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் இறங்கி நேராக வந்தவர்கள். புத்தகம் படிக்கிற நிலையில் யாரும் இல்லை. அதனால் செல்போனில் ஒரு இசைப்பதிவைப் போட்டேன். சுமார் ஐந்து நிமிடம். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. முடிந்ததும் ஒரு தம்பி கேட்டார்: “அக்கா, இது ஸ்டார் ஓட்டல்ல போடுற மியூசிக்தானே? இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?”

நியாயமான கேள்விதான் தோழர்களே. சாக்ஸபோன் என்றால் நமக்கு கத்ரி கோபால்நாத்தின் கச்சேரி நினைவுக்கு வரும். அல்லது ‘டூயட்’ படம், கல்யாண பேண்ட் செட். ஜாஸ் என்றால் ஓட்டல் வரவேற்பறை. அடிமைகளாகக் கப்பலில் ஏற்றிவரப்பட்ட கறுப்பின மக்களின் வாரிசுகள் உருவாக்கிய இசை அது என்பதை அந்த வரவேற்பறை நமக்குச் சொல்வதில்லை.

நான் போட்ட பதிவின் பெயர் ‘அலபாமா’. 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலை, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பர்மிங்காம் நகரத்து 16-ஆவது தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. வைத்தவர்கள் வெள்ளை இனவெறியர்கள். அந்த ஆண்டு மே மாதம் கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் கிளம்பியது அந்தத் தேவாலயத்திலிருந்துதான். குண்டில் நான்கு சிறுமிகள் இறந்தார்கள். மூன்று பேருக்கு 14 வயது, ஒருத்திக்கு 11.

இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 18 அன்று, நியூஜெர்சியில் ஒரு ஸ்டுடியோவில் ஜான் கோல்ட்ரேனின் நால்வர் குழு இதைப் பதிவு செய்தது. டெனர் சாக்ஸபோன் கோல்ட்ரேன், பியானோ மெக்காய் டைனர், பாஸ் ஜிம்மி கேரிசன், டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ். தொடக்கத்தில் பியானோ கீழே உறுமிக்கொண்டே இருக்கிறது. அதன்மேல் சாக்ஸபோன் தாளக்கட்டு இல்லாமல், ஒருவர் நிறுத்தி நிறுத்திப் பேசுவதுபோல வாசிக்கிறது. ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. நடுவில் தாளம் சேர்ந்து இசை நடக்கத் தொடங்குகிறது. பிறகு நின்றுவிடுகிறது. மறுபடி அந்தப் பேச்சே வருகிறது. கடைசியில் டிரம்ஸ் அடியிலிருந்து பொங்குகிறது. இதில் யாரும் பக்கவாத்தியம் இல்லை, நான்கு பேரும் சேர்ந்து துக்கம் காக்கிறார்கள்.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு என் தாத்தா நினைவு வரும். அவர் பறையடித்தவர். ஊர்த்தெருவில் சாவு என்றால் ஆள் வரும், போயே ஆக வேண்டும். கூலியாகக் கொஞ்சம் நெல். அவருடைய சொந்தத் தம்பி இறந்த நாளிலேயே ஊர்த்தெருவிலும் ஒரு சாவு விழுந்தது. தாத்தா அங்கேதான் போனார். தம்பிக்கு வேறு யாரோ அடித்தார்கள்.

அப்பா வளர்ந்ததும் பறையைத் தொட மறுத்துவிட்டார். “இனிமே எவன் சாவுக்கும் நாம போறதில்ல” என்றார். வீட்டிலிருந்த பறையை எரித்தார்கள். இன்று பல இளைஞர்கள் பறையை விடுதலைக் கலையாகக் கையில் எடுக்கிறார்கள். அதைப் பார்த்து முகம் சுளிக்கும் பெரியவர்களும் சேரியில் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்பா எரித்தது கட்டாயத்தை. நம்முடைய துக்கத்தை நம் சாவுக்குக்கூட வைத்துக்கொள்ள விடாத கட்டாயம் அது. ‘அலபாமா’வில் நான் கேட்பது அதற்கு நேர் எதிரான ஒன்று. யாரும் ஏவாமல், தன் மக்களின் பிள்ளைகளுக்காகத் தானே வாசித்த சாவு இசை.

சமூகப் பணியாளராக வன்கொடுமை நடந்த இடங்களுக்குப் போயிருக்கிறேன். போனவுடன் பெயர், வயது எழுதுவோம். எஃப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவு போட்டார்கள் என்று பார்ப்போம். நிவாரணத்துக்கு மனு எழுதுவோம். இவை எல்லாம் அவசியம். ஆனால் அந்த வீட்டில் உட்கார்ந்து அழ நமக்கு நேரம் இருப்பதில்லை. ஒரு மணி நேரத்தில் போஸ்டர் தயாராகிறது, ஒரு வாரத்தில் பெயர் மறந்துபோகிறது. துக்கம் பலவீனம் என்று நாமே நம்பத் தொடங்கிவிட்டோம்.

நீதியோ மெதுவாகத்தான் வருகிறது. 1967-இல் 40 வயதில் கோல்ட்ரேன் இறந்தபோது, பர்மிங்காம் கொலைக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்பட்டிருக்கவில்லை. முதல் தண்டனை 1977-இல், அடுத்த இரண்டு 2001, 2002-இல். நம் கதை இன்னும் மோசம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கீழ்க்கோர்ட் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. இவ்வளவு காலம் காத்திருக்க வேண்டிய ஒரு மக்களுக்கு, கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்க முடியாது. இறந்தவர்களைக் கூடவே வைத்திருக்க ஒரு வழி வேண்டும். இசை அதில் ஒன்று.

அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான். ஷிப்ட் முடிந்து ரூமில் படுக்கும்போது ‘அலபாமா’வை ஒருமுறை முழுசாகக் கேளுங்கள். பிறகு இதே நால்வர் 1964 டிசம்பரில் பதிவு செய்த ‘எ லவ் சுப்ரீம்’ கேளுங்கள். அதன் கடைசிப் பகுதியில் கோல்ட்ரேன் தான் எழுதிய கவிதையை வாயால் சொல்லாமல், சொல் சொல்லாக சாக்ஸபோனில் வாசிக்கிறார். முழக்கம் இருந்தால்தான் அரசியல் இசை என்ற எண்ணம் அதைக் கேட்டால் மாறும்.

வருகிற டிசம்பர் 25 அன்று எங்கள் வட்டத்தில் வெண்மணித் தியாகிகளுக்காக ஐந்து நிமிடம் பறை மட்டும் அடிக்கலாம் என்று இருக்கிறோம். உரை கிடையாது, பேனர் கிடையாது. அப்பாவையும் கூப்பிட்டிருக்கிறேன். இன்னும் பதில் சொல்லவில்லை.

ஜெய் பீம்.