ஈர நெல்லும் மாட்டுப் பாலும்

தை பிறந்ததும் குரும்பகரம் வயல்களில் சம்பா அறுவடை தொடங்கும். இயந்திரம் கொட்டும் நெல்லைக் காயவைக்கக் களம் போதாமல் சாலையோரத்தில் பரப்புகிறார்கள். மேகம் கறுத்தால் தார்ப்பாய்க்கு ஓடுகிறார்கள். அரசுக் கொள்முதலுக்கு 17 சதவீத ஈரப்பத வரம்பு இருக்க, அதை 22 ஆக உயர்த்தச் சொல்லி டெல்டா விவசாயிகள் கேட்பது நியாயம்தான். பருவம் தவறிப் பெய்த மழைக்கு விவசாயி ஏன் அபராதம் கட்ட வேண்டும்? ஆனால் வரம்பைத் தளர்த்துவதால் ஒரு மணி நெல்கூட உலர்ந்துவிடாது. ஈரத்தோடு மூட்டை கட்டிய நெல்லில் பூச்சியும் பூஞ்சையும் கூட்டுச் சேர்வதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

இந்தக் கூட்டின் வேலையைத் தெளிவாகக் காட்டியது ஒயின் திராட்சை. 1990களின் நடுவில் ஐரோப்பிய ஒயினில், சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஆக்ராடாக்சின் என்ற நஞ்சு இருப்பது தெரியவந்தது. தெற்கு ஐரோப்பாவின் சிவப்பு ஒயினில் அது அதிகம். நஞ்சைச் சுரப்பது ஒரு கறுப்புப் பூஞ்சை. ஆனால் தோல் முழுதாக உள்ள பழத்துக்குள் அது எளிதில் புகாது. குலையைத் துளைக்கும் அந்துப்பூச்சிப் புழுதான் அதற்குக் கதவைத் திறந்துவிடுகிறது. போகிற வழியெல்லாம் பூஞ்சையின் வித்துகளைத் தன் உடம்பில் ஒட்டிச் சுமக்கவும் செய்கிறது. புழுவைக் கட்டுப்படுத்திய தோட்டங்களில் நஞ்சும் குறைந்தது. 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒயினுக்கு விதித்த வரம்பு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். அவ்வளவு சிறிய அளவை ஆலையில் வடிகட்டிச் சரிசெய்வதைவிடத் தோட்டத்திலேயே தடுப்பது எளிது.

நெல்லிலும் இதே கதைதான். அந்துப்பூச்சியின் புழு மணிக்குள்ளிருந்தே அரிசியைத் தின்று, பூச்சியாக மாறி வட்டமான துளை வழியே வெளியேறுகிறது. பூச்சிகள் மூச்சுவிட விட மூட்டைக்குள் வெப்பமும் ஈரமும் ஏறும். நடுவில் கையை விட்டால் சூடு தெரியும். ஈரப்பதம் 14 சதவீதத்துக்குக் கீழே இறங்காத நெல் பூஞ்சைக்குப் படுக்கை விரித்தது போல. பாட்டன் காலத்திலிருந்து இதைத்தானே சாப்பிடுகிறோம் என்பார்கள். பாட்டன் அரிவாளால் அறுத்து, அரியை வயலிலேயே காயவிட்டு, போரடித்து, உலர்ந்த பிறகே குதிரில் கொட்டினார். இயந்திரம் ஈரத்தோடு அறுக்கிறது. மேலும், கேடு வந்ததே இல்லை என்பதும் சரியல்ல: 1974இல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று 106 பேர் இறந்தார்கள். அங்கே கொன்றது அஃப்ளாடாக்சின். சமைத்தாலும் பெரும்பகுதி அழியாத அந்த நஞ்சு, சிறுகச் சிறுக உடம்பில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோயைக் கொண்டுவரும்.

நெல்லைத் தீட்டினால் இந்த நஞ்சு தவிட்டோடு போய்விடும் என்ற வாதத்தில் பாதி உண்மை உண்டு. அந்தத் தவிடு எங்கே போகிறது? மாட்டுத் தொட்டிக்கு. மாடு தின்ற அஃப்ளாடாக்சின் உருமாறிப் பாலில் வருகிறது. பாலில் அதற்கு நம் சட்டம் அனுமதிப்பது கிலோவுக்கு அரை மைக்ரோகிராம். தானியத்துக்கு அனுமதிக்கும் 15 மைக்ரோகிராமோடு ஒப்பிட்டால் முப்பதில் ஒரு பங்கு. குழந்தைகள் பாலை அதிகம் குடிக்கிறார்கள் என்பதால்தான் இத்தனை கண்டிப்பு.

பூஞ்சை பிடித்ததெல்லாம் நஞ்சல்ல. விவசாயியை மிரட்டி விலையைக் குறைக்க இது இன்னொரு சாக்காகிவிடக் கூடாது. அதனால்தான் சோதனை வேண்டும். அதற்கான செலவையும் அரசே ஏற்க வேண்டும். நம் நெடுங்காடு வட்டாரத்திலேயே 1987இல் தொடங்கிய பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது; அறுவடைக் காலத்தில் நெல், தவிடு மாதிரிகளை அங்கே பார்க்க ஏற்பாடு செய்யலாம். ஒவ்வொரு கொள்முதல் இடத்திலும் சிமென்ட் களமும் உலர்த்தும் இயந்திரமும் மார்கழி முடிவதற்குள் வந்து நிற்க வேண்டும். 22 சதவீதம் கேட்டு எழுதும் அதே மனுவில் இவற்றையும் சேர்த்துக் கேட்போம்.