வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னு மட்டும் சொல்லாதீங்க

மாடு தீவனம் எடுக்கலைன்னா டாக்டருக்குப் போன் போடறதுக்கு முன்னாடி நாம என்னென்ன பார்க்கிறோம்? அசை போடுதா, மூக்கு ஈரமா இருக்கா, காது சில்லுன்னு இருக்கா, வயிறு உப்பியிருக்கா, சாணி எப்படிப் போட்டிருக்கு. டாக்டர் கேட்கிற அஞ்சு கேள்விக்கும் பதிலைக் கையில வச்சுக்கிட்டுதான் பேசுவோம். அதே ஆளுக்குக் காலையில வண்டி மக்கர் பண்ணினா, மெக்கானிக்கிட்ட சொல்றதுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கு: "ஸ்டார்ட் ஆகலைண்ணே."

ஸ்டார்ட் ஆகலைங்கிறதுல எத்தனையோ விதம் இருக்குங்க. செல்ஃப் அமுக்கினா டக் டக்னு சத்தம் மட்டும் வருதா? அது பேட்டரிப் பக்கம். இன்ஜின் நல்லா சுத்துது, ஆனா பிடிக்க மாட்டேங்குதா? அது பெட்ரோல், இல்லன்னா கரண்ட். சோக் போட்டா ஓடுது, எடுத்தா உடனே நின்னுடுதா? கார்புரேட்டர்ல சின்ன ஜெட் அடைச்சிருக்கும். கிக்கரை மிதிச்சா எதிர்ப்பே இல்லாம லொடக்குன்னு கீழ போகுதா? கம்ப்ரஷன் குறைஞ்சிருக்கு, வால்வோ ரிங்கோ பார்க்கணும், அது கொஞ்சம் செலவு வைக்கிற சங்கதி. இதுல எதுன்னு சொல்லாம வண்டியை மட்டும் நிறுத்திட்டு வந்தா, மெக்கானிக் இருட்டுலதான் தேடணும்.

எங்க பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு பழைய ஸ்பிளெண்டர் வச்சிருக்கார். வீட்டுல ஒரே உதையில ஸ்டார்ட் ஆகும். மூணு நாலு கிலோமீட்டர் போனதும் நின்னுடும். பத்து நிமிஷம் கழிச்சு உதைச்சா மறுபடி ஓடும். பால் கேனோட நடுரோட்டுல நின்னா சொசைட்டிக்கு எப்படி நேரத்துக்குப் போறது? பிளக் மாத்தினாங்க. காயில் மாத்தினாங்க. கடைசியில கார்புரேட்டரையே புதுசா போட்டாங்க. வண்டி அப்பவும் அதே இடத்துல நின்னுச்சு. "அண்ணே, அடுத்த தடவை நின்னா டாங்கி மூடியைத் திறந்து பாருங்க"ன்னு சொன்னேன். திறந்தார், புஸ்ஸுன்னு சத்தம், வண்டி ஓடிருச்சு. மூடியில காத்து உள்ள போற ஓட்டை மண்ணடைச்சுக் கிடந்திருக்கு. எண்ணெய் டின்னுல ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்டா ஒழுங்கா ஊத்தாதுன்னு எதிர்ப்பக்கம் இன்னொண்ணு போடுவோமே, அதே கணக்குதான். ஒரு ஊசியில தீர்ந்த வேலைக்கு மூணு சாமான் காசு.

இதுல எனக்குக் கோபம் வர்றது, சோதிச்சுப் பார்க்காம மாத்துறதுலதான். கரண்ட் வருதான்னு பார்க்காம காயிலை மாத்துறது வைத்தியம் இல்ல, சீட்டு எடுக்கிற கிளி ஜோசியம். எதை மாத்தினாலும் பழசைக் கையில வாங்குங்க, ஏன் மாத்தினீங்கன்னு கேளுங்க. நல்ல மெக்கானிக் கோவிச்சுக்க மாட்டார். சந்தோஷமா காட்டுவார்.

அதுக்கு முன்னாடி நம்ம பங்கு கொஞ்சம் இருக்கு. முதல்ல கில் சுவிட்ச். பசங்க கை வச்சுட்டுப் போயிருப்பாங்க, நாம பத்து நிமிஷம் உதைச்சுக்கிட்டே இருப்போம். புது வண்டியில பலதுக்கும் சைடு ஸ்டாண்டு போட்டிருந்தா ஸ்டார்ட்டே ஆகாது. டாங்கியை ஆட்டிப் பாருங்க, ரிசர்வ்ல போடுங்க. அப்புறம் பிளக்கைக் கழட்டுங்க. பிளக் நனைஞ்சிருந்தா பெட்ரோல் வருது, எரியலை. காஞ்சு கிடந்தா பெட்ரோலே வரலை. வறண்ட கரி அப்பியிருந்தா காத்து பத்தலை, ஏர் ஃபில்டரைப் பாருங்க. கரியோட எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தா இன்ஜின் ஆயில் மேல ஏறுது. பழைய கார்புரேட்டர் வண்டியா இருந்தா கழட்டின பிளக்கைத் தொப்பியில மாட்டி, அதோட இரும்பு உடம்பு இன்ஜின்ல ஒட்டுற மாதிரி வச்சு, நிழல்ல நின்னு உதைச்சா பொறி தெரியும். பிளக் ஓட்டையை விட்டுத் தள்ளி வைங்க, பெட்ரோல் ஆவி வரும். பீடி பிடிக்கிறவர் பக்கத்துலயே வரக்கூடாது.

டவுன் வண்டிக்கு வராத நோயெல்லாம் நம்ம வண்டிக்கு வரும். மாட்டுக்கொட்டகை ஓரமா நிறுத்தினா எலி வயரைக் கடிக்கும். ரெண்டு வாரம் சும்மா நின்னா கார்புரேட்டர்ல இருந்து தொங்குற டியூப்புக்குள்ள குளவி மண்ணு வச்சு அடைச்சிரும். அறுப்பு மெஷின் பின்னாடியே சுத்தினா ஒரே சீசன்ல ஏர் ஃபில்டர் போயிரும்.

மழைக்காலத்துல மூடி ரப்பர் வழியா தண்ணி இறங்கும். இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலக்கிறாங்க. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணி அதிகமாச்சுன்னா எத்தனாலையும் சேர்த்துக்கிட்டு டாங்கி அடியில போய்த் தங்கிடும். (நாம போட்ட கரும்பும் மக்காச்சோளமும்தான் சுத்தி வந்து நம்ம டாங்கியில விழுது, அதுக்கு ரெண்டு பக்கமும் விலை நம்ம கையில இல்லைங்கிறது வேற கதை.) ரொம்ப நாள் நின்ன வண்டின்னா கார்புரேட்டர் அடியில இருக்கிற ஸ்குருவைத் தளர்த்தி, கொஞ்சம் கண்ணாடி பாட்டில்ல பிடிச்சுப் பாருங்க. தண்ணி இருந்தா அடியில தனியா தெரியும்.

2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்ததுக்கப்புறம் வர்ற வண்டியில பெரும்பாலும் கார்புரேட்டரே கிடையாது, இன்ஜெக்‌ஷன். டிவிஎஸ் எக்ஸெல் வரைக்கும் அப்படித்தான். புகை குறைவு, குளிர்லயும் சட்டுன்னு ஸ்டார்ட் ஆகுது, அதெல்லாம் ஒத்துக்கறேன். ஆனா பேட்டரி சுத்தமா செத்தா, பல வண்டியில உதைச்சாலும் வேலைக்காகாது, தள்ளினாலும் வேலைக்காகாது. பெட்ரோல் பம்புக்கே கரண்ட் வேணும். சாவி போட்டதும் ரெண்டு செகண்டு உய்ங்னு ஒரு சத்தம் கேட்கும், அதுதான் பம்ப். கேட்கலைன்னா முதல்ல ஃபியூஸ், பேட்டரி பாருங்க. வண்டி கீழ விழுந்து எடுத்த பிறகு ஸ்டார்ட் ஆகலைன்னா சாவியை ஆஃப் பண்ணி மறுபடி போடுங்க, பல மாடல்ல விழுந்தா இன்ஜினை நிறுத்தற சென்சார் இருக்கு.

என் ஆதங்கம் என்னன்னா, இந்த வண்டி தன்னோட நோயைத் தானே சொல்லுது. மீட்டர்ல இன்ஜின் படம் போட்ட விளக்கு எத்தனை தடவை மின்னுதோ, பல மாடல்ல அதுதான் கோளாறு நம்பர். எந்த நம்பருக்கு என்ன நோய்ங்கிற பட்டியல் மட்டும் நம்ம கையிலயும் இல்ல, வேப்பமரத்தடியில முப்பது வருஷமா வேலை பார்க்கிற மெக்கானிக் கையிலயும் இல்ல. ஒரு பக்கம் தமிழ்ல அச்சடிச்சு வண்டியோட குடுக்க எவ்வளவு செலவாகிடப் போகுது? அடுத்த தடவை சர்வீஸுக்கு விடும்போது அந்தப் பட்டியலைக் கேளுங்க. இல்லைன்னு சொன்னா சர்வீஸ் கார்டுல புகாரா எழுதிக் குடுத்துட்டு வாங்க.