பெயர் ஒன்று, அளவு வேறு

2021ஆம் ஆண்டில், கோவிட் நோயின் இரண்டாம் அலையின்போது, 'கரும்பூஞ்சை' என்னும் கொடிய நோய் நம் நாட்டில் பலரைத் தாக்கியது. அப்போது எங்கும் தேடப்பட்ட மருந்து ஆம்போடெரிசின் பி. வெனிசுலா நாட்டின் ஓரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1950களில் பிரித்தெடுக்கப்பட்டது இது. விழுங்கினால் குடல் இதை உறிஞ்சுவது மிகக் குறைவு. ஆகவே சிரை வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள்.

பூஞ்சையின் செல்சவ்வில் எர்கோஸ்டெரால் என்னும் பொருள் இருக்கிறது. மருந்து அதைப் பற்றிச் சவ்வைச் சிதைக்கிறது. நம் செல்சவ்விலோ அதை ஒத்த கொலஸ்ட்ரால் உண்டு. மருந்து அதையும் ஓரளவு பற்றுவதால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். குருதியில் பொட்டாசியமும் மக்னீசியமும் குறையலாம். ஆகவே அடிக்கடி குருதிப் பரிசோதனை தேவை.

இத்தீங்கைக் குறைக்க, மருந்தை நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் பொதிந்து தரும் லிப்போசோம் வடிவம் வந்தது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பழைய வடிவத்தை உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கவே கூடாது. லிப்போசோம் வடிவத்தையோ 3 முதல் 5 மில்லிகிராம் வரை வழக்கமாகக் கொடுக்கிறார்கள். இரண்டும் 50 மில்லிகிராம் குப்பிகளில் வருகின்றன!

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கிலோ எடையுள்ள நோயாளிக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் லிப்போசோம் மருந்து 250 மில்லிகிராம் வேண்டும். அதாவது ஐந்து குப்பிகள். தவறுதலாகப் பழைய வடிவத்தில் ஐந்து குப்பிகளை ஏற்றிவிட்டால் என்ன ஆகும்? அந்த நோயாளிக்கு அதன் உச்ச வரம்பு 75 மில்லிகிராம்தான். வரம்பைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் உடலில் சேர்ந்துவிடும். இதயமும் மூச்சும் நின்றுபோகலாம். இத்தவறால் உயிர்கள் போனதும் உண்டு.

'மருத்துவர் கவனமாக இருந்தால் போதாதா?' என்று சிலர் கேட்பார்கள். போதாது என்பதே என் கருத்து. கவனம் களைத்துப்போகும், ஒழுங்கான முறை களைப்பதில்லை. மருந்துச் சீட்டில் எந்த வடிவம் என்பதையும், கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்பதையும், மொத்த அளவையும் சுருக்காமல் எழுத வேண்டும். இரு வடிவங்களையும் ஒரே தட்டில் வைக்கலாகாது. ஏற்றுமுன் மற்றொருவர் தனியே கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். கலக்கும் நீரையும் பார்க்க வேண்டும்: இதற்கு 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் நீரே ஏற்றது; உப்புநீரில் கலந்தால் மருந்து திரிந்து வீழ்படிவாகிவிடும்.

'அவசரத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது?' என்பது அடுத்த கேள்வி. பழைய வடிவம் ஏறி முடியவே இரண்டு முதல் ஆறு மணி நேரம் ஆகிறது. சரிபார்க்க இரண்டு நிமிடம் ஒதுக்க முடியாதா?

மாணவர்களே! விடைத்தாளில் அலகை எழுத மறந்தால் அரை மதிப்பெண் குறையும். அந்தப் பழக்கத்தை இன்றே சரிசெய்துகொள்ளுங்கள். நாளை உங்களில் ஒருவர் மருத்துவராகவோ செவிலியராகவோ மருந்தாளுநராகவோ நிற்கும்போது, குறையப்போவது மதிப்பெண் அல்ல.