பழைய பில்லை மாற்றிவிடும் ஃபார்முலா

நம் நாட்றம்பள்ளி வியாபாரிகளிடையே பேரேடும் சிட்டையும் மெல்ல மெல்லக் கம்ப்யூட்டருக்குள் போய்க் கொண்டிருக்கின்றன. டாலி வைத்திருப்போர் ஒருபுறமிருக்க, நோஷன், ஏர்டேபிள் போன்றவற்றில் வீட்டுப் பிள்ளைகளே அட்டவணை அமைத்துக் கொடுக்கிறார்கள். இதை நாம் குறை கூறவில்லை. ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் எடுப்பவர் சதுர அடியையும் விலையையும் போட்டால் தொகை தானே வந்து நிற்கிறது. பெருக்கல் பிழையால் வரும் சண்டை மிச்சம்.

ஆனால், அந்தத் தொகைப் பத்தியில் இருப்பது நாம் எழுதிய எண் அல்ல. அது ஒரு ஃபார்முலா. திறக்கும்போதெல்லாம் புதிதாகக் கணக்கிட்டுக் காட்டும். எக்செல்லில் ஒவ்வொரு கட்டத்திலும் தனிக் கணக்கு வைக்கலாம். இவற்றில் பத்தி முழுமைக்கும் ஒரே ஃபார்முலாதான். இன்று அதை மாற்றினால், மூன்று வருடத்துக்கு முந்தைய பதிவும் சேர்ந்தே மாறும்.

22-9-2025 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியதை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. ஜோடி ரூ.1,000 வரையுள்ள காலணிக்கு 12 சதவீதமும் அதற்கு மேல் 18 சதவீதமும் இருந்தது. அன்று முதல் ரூ.2,500 வரை 5 சதவீதம் ஆயிற்று. ரூ.1,800 விலையுள்ள ஜோடியை 20-ந் தேதி விற்றவர் வரியாக வாங்கியது ரூ.324. ஃபார்முலாவுக்குள் 18 இருந்த இடத்தில் 5 என்று மாற்றினால், அதே பழைய பில்லுக்கு வரி ரூ.90 என்று அட்டவணை காட்டும். ஒரு ஜோடிக்கே ரூ.234 வித்தியாசம். வாடிக்கையாளர் கையிலுள்ள பில்லிலும் நாம் தாக்கல் செய்த கணக்கிலும் ரூ.324, நம் புத்தகத்தில் மட்டும் ரூ.90! அதிகாரி கேட்டால் என்ன சொல்வது?

எழுதிய கணக்கை அழிக்கவோ மேலெழுதவோ கூடாது, கம்ப்யூட்டரில் வைத்தால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தடம் இருக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதி 56 கூறுகிறது. கணக்கை ஆண்டறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் காக்க வேண்டும் என்பதும் சட்டமே. அந்நாளைய கணக்குப்பிள்ளை தப்பான தொகையைக் குறுக்கே கோடிட்டுப் பக்கத்தில் எழுதுவார்; தப்பும் தெரியும், திருத்தமும் தெரியும். ஃபார்முலா கோடு போடாது.

வழி எளிது. வரி விகிதத்துக்கென்று தனிப் பத்தி வைத்து, ஒவ்வொரு பில்லிலும் அன்றைய விகிதத்தை எண்ணாகவே எழுதிவிட வேண்டும். ஃபார்முலாவின் வேலை பெருக்குவது மட்டுமே. தேதியைப் பார்த்து விகிதத்தை எடுக்கும்படி ஃபார்முலாவிலேயே எழுதலாம் என்பர் சிலர். எழுதலாம், ஆனால் விகிதம் மாறும்போதெல்லாம் அது வால் நீண்டு, எழுதியவருக்கே விளங்காமல் போகும்.

பாக்கி நாள் கணக்கிலும் இதே கவனம் தேவை. சரக்கு கொடுத்தவருக்குப் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்ப வேண்டும். இதற்காக இன்றைய தேதியிலிருந்து பில் தேதியைக் கழிக்கும் ஃபார்முலா போடுகிறோம். பணம் கட்டிய பிறகும் அந்த எண் தினமும் ஏறிக்கொண்டே போகும். பணம் கொடுத்த தேதி இருந்தால் அதுவரை, இல்லாவிட்டால் இன்றுவரை என்று எழுதினால்தான் கணக்கு நிற்கும்.

அட்டவணை அமைத்துக் கொடுத்த பிள்ளை நாளை பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடலாம். போகும் முன்பே, எந்தப் பத்தி எழுதியது, எந்தப் பத்தி கணக்கிட்டது என்று முதலாளிமார் உட்கார்ந்து கேட்டுக் கொள்வது நல்லது. மாதக் கணக்கைத் தாக்கல் செய்த அன்றே அந்த மாதத்துப் பதிவுகளை அச்செடுத்து, தேதியும் கையெழுத்தும் இட்டுக் கோப்பில் வைக்குமாறும் கேட்டுக் கொள்கிறோம்.