அளவு சரி, திரவம் சரியா?

பிரேக் ஆயில் எரிவதுமில்லை, தீர்வதுமில்லை, மூடிய அமைப்புக்குள்ளேயே இருக்கிறது, ஆகவே குறைந்தால் ஊற்றினால் போதும், மாற்றத் தேவையில்லை என்பது கார் உரிமையாளர் பலரும் நம்பும் வாதம்.

முதலாவது, அந்த அமைப்பு முற்றிலும் மூடியதன்று. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தரக் குறியீட்டால் டாட் 3, டாட் 4 எனப்படும் திரவங்கள் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையவை என்பதால், ரப்பர் குழாய்களின் சுவர் வழியாகவும் கூட நீர் மெல்லப் புகுந்து கலக்கிறது. புதிய டாட் 3 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். நீரின் பங்கு ஏறத்தாழ 3.7 விழுக்காடானபின் தரவிதி எதிர்பார்ப்பது 140 பாகை மட்டுமே. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை அழுத்தியபடியே இறங்கும் காரில் அத்திரவம் கொதித்தால் ஆவிக்குமிழ்கள் தோன்றுகின்றன. திரவம் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும், ஆவியோ தானே சுருங்கிவிடும் என்பதால், மிதி தரைவரை போயும் வண்டி நிற்பதில்லை. அப்போது அளவு சரியாக இருந்து என்ன பயன்?

இரண்டாவது, அளவு குறைவது பெரும்பாலும் பிரேக் பேட் தேய்ந்ததற்கோ, எங்கோ கசிவதற்கோ அடையாளம். காரணத்தைத் தேடாமல் நிரப்புவது பராமரிப்பா, தடயத்தை அழிப்பதா?

மூன்றாவது, வண்டி அதிகம் ஓடவில்லை என்ற சமாதானம். ஈரம் கிலோமீட்டர் பார்த்துப் புகுவதில்லை. நிறுத்திவைத்த காருக்கும் பல தயாரிப்பாளர்களின் கையேடுகள் விதிக்கும் கெடு இரண்டு ஆண்டுகளே.